தீபாவளி அன்றைக்கே மூன்றாவது கீமோ விழுகிறது. முன்னால் போட்டுக்கொள்ள முடியுமா?

பகுதி: குடும்பம் – உடல்நலம்

குடமுருட்டி | 21 செப்டம்பர் 2025, இரவு 10.42

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் விவசாயப் பகுதியில் நெல், உரம், தண்ணீர் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் வருவேன் என்று நினைக்கவில்லை.

பாபநாசம் பக்கம் கிராமம். மனைவிக்கு 41 வயது. ஜூலையில் வலது மார்பில் கட்டி என்று தெரிந்தது, ஆகஸ்ட் முதல் வாரம் ஆபரேஷன். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி தஞ்சாவூரில் முதல் கீமோ, அந்தச் சிவப்பு மருந்து. 21 நாளுக்கு ஒன்றாக நான்கு தடவை. அது முடிந்ததும் வேறு மருந்து, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம். அப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு.

காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டாவது செப்டம்பர் 29, சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால். மூன்றாவது அக்டோபர் 20. அன்றைக்குத் தீபாவளி. பென்சிலை வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் தீபாவளி கிடையாது என்று முடிவு பண்ணிவிட்டேன். துணி எடுக்கவில்லை. மச்சான் குடும்பத்தோடு வருவதாக இருந்தார், வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண் ஒன்பதாவது படிக்கிறாள், அவளுக்குப் புரியும். பையன் ஐந்தாவது. "வெடி?" என்று ஒரு தடவை கேட்டான். அப்புறம் கேட்கவே இல்லை. அவன் நச்சரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இன்றைக்கு மகாளய அமாவாசை. ஆற்றங்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், திண்ணையில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள். சீப்பில் வருவதை எல்லாம் சுருட்டிச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். ஒரு எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. இன்றோடு பதினாலு நாள். இரண்டு வாரத்தில் ஆரம்பிக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது தப்பவில்லை. என்னைப் பார்த்துவிட்டு மடியை முந்தானையால் மூடிக்கொண்டாள். இரண்டு நாளாகவே சரியாகப் பேசவில்லை.

டோஸை நான்கைந்து நாள் முன்னால் போட்டுக்கொள்ள முடியுமா? அப்படி முடிந்தால் குழந்தைகளுக்காவது ஏதாவது செய்யலாம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மூட்டைக்காரன் | 21 செப்டம்பர், இரவு 11.05

அண்ணே, நீங்களா? போன மாதம்கூட ஆடுதுறை 43 நெல் ரகத்தை வைத்து நம் இருவருக்கும் அவ்வளவு சண்டை நடந்ததே, அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அண்ணியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

[இந்தப் பதிவின் இரண்டாம் பத்தி நீக்கப்பட்டது. புற்றுநோய்க்கு மருந்து என்று இலைச் சாறு, கஷாயம் சொல்வதற்கு இங்கே இடமில்லை. – நெறியாளர்]

தஞ்சை சிஸ்டர் | 22 செப்டம்பர், காலை 6.20

தம்பி, நான் கீமோ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. நான் சொல்வதை உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

முன்னால் இழுக்கமாட்டார்கள். மருந்து ஏறிய பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிக்கொண்டே வரும். பெரும்பாலும் பத்தாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் அடிமட்டத்தில் கிடக்கும். பிறகு மெல்ல ஏறி, மூன்றாவது வாரக் கடைசியில்தான் அடுத்த மருந்தைத் தாங்குகிற அளவுக்கு வரும். 21 நாள் என்று வைத்திருப்பதே அதற்குத்தான். மேட்டூரில் தண்ணீர் சேராமல் மதகைத் தூக்கினால் கடைமடைக்கு என்ன வந்து சேரும்? உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் தள்ளுவது வேறு விஷயம். தீபாவளி அன்று பெரும்பாலும் டே கேர் (அன்றே வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போகிற வார்டு) இருக்காது, அவர்களே 21 அல்லது 22 என்று எழுதிக் கொடுப்பார்கள். ஓரிரு நாளை டாக்டர் பார்த்து முடிவு செய்வார். நீங்களாகவே "பண்டிகை போகட்டும்" என்று வாரக்கணக்கில் தள்ளிவிடாதீர்கள், அப்படிச் செய்து கஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 29-ஆம் தேதி போகும்போதே பேசிவிடுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கவனிக்காத ஒன்று. 29-க்கு அடுத்த 21-ஆவது நாள்தான் தீபாவளி. மருந்து அதற்குப் பிறகு என்றால், அன்றைக்கு வாய்ப்புண் ஆறியிருக்கும், நாக்கில் ருசி திரும்பியிருக்கும், அணுக்கள் ஏறியிருக்கும். அந்த மூன்று வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கிற நல்ல நாளே அதுதான். அதைப் போய் ரத்து பண்ணிவிட்டேன் என்கிறீர்களே!

வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே வாங்குங்கள். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் மணி என்ன என்று பார்க்காதீர்கள், கிளம்புங்கள். வீட்டில் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று உள்ளே இருக்கும். அணுக்கள் அடிமட்டத்தில் கிடக்கிற அந்த இரண்டாவது வாரத்தில் கூட்டம், மாட்டுக் கொட்டகை, நெல் தூற்றுகிற தூசி எதற்கும் பக்கத்தில் விடாதீர்கள்.

அப்புறம் அந்த வலது கை. அக்குளில் எடுத்திருப்பதால் அந்தக் கையில் ஊசி, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் கூடாது. வெந்நீர் அண்டா தூக்குவது, முறுக்குப் பிழிவது அவர்கள் வேலை இல்லை. எண்ணெய்ச் சட்டியில் கை சுட்டுக்கொண்டால் அந்தக் கை வீங்கிப்போக வழி உண்டு. தீபாவளி லேகியத்தையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், வீட்டில் செய்ததாக இருந்தாலும் சரி.

மருந்து போட்ட இரண்டு நாளைக்குக் கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சிறுநீர் சிவப்பாகப் போனால் ரத்தம் என்று பயப்பட வேண்டாம், மருந்தின் நிறம்தான். இதை முதல் டோஸ் அன்றே சொல்லியிருப்பார்கள். பதற்றத்தில் காதில் ஏறியிருக்காது.

துலாக்கட்டம் | 22 செப்டம்பர், பகல் 11.48

சிஸ்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன். இது கட்டிலில் படுத்திருந்தவள் பேச்சு. இதே நோய்தான், ஆறு வருஷம் ஆகிறது. மாயவரம்.

எனக்கு நடந்தது உங்கள் வீட்டுக்கு நேர் எதிர். என் வீட்டுக்காரர் தீபாவளியை ரத்து பண்ணவில்லை, இரண்டு மடங்காகப் பண்ணினார். நாத்தனார் குடும்பம், கொழுந்தனார் குடும்பம், பெரியப்பா மக்கள் என்று பதினேழு பேர். எனக்குப் பட்டுப்புடவை. கும்பகோணத்திலிருந்து ஒரு விக். அதைத் தலையில் மாட்டிக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, "ஒண்ணுமே தெரியலயே, முன்னைக்கு இப்ப கலராத்தான் இருக்கே" என்றார்கள். சித்தி ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவளை நான் தேற்ற வேண்டியிருந்தது. பத்து மணி வாக்கில் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டேன். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து, அதன் மேல் பட்டுப்புடவையோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. வெளியே சரவெடி.

அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். பாவம், எப்படியாவது என்னைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று பார்த்தார். ஆனால் "உனக்கு என்ன வேணும்" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஐப்பசிக் கடைசி நாள், கடைமுழுக்கு அன்றைக்கு, கூட்டம் சேர்வதற்கு முன்னால் விடியற்காலையில் என்னைக் கூட்டிப்போய்க் காவிரித் துலாக்கட்டப் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார விடுங்கள், முழுக்குக்கூட வேண்டாம். அவ்வளவுதான் ஆசை.

நீங்கள் ரத்து பண்ணியதும் அவர் ஊரைக் கூட்டியதும் ஒரே தப்புதான் சார். உங்கள் மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை என்கிறீர்கள். முடிக்காக என்று நினைக்கிறீர்களா?

குடமுருட்டி | 22 செப்டம்பர், இரவு 11.30

கேட்டேன். துலாக்கட்டம் அம்மா சொன்னது சரி, முடிக்காக இல்லை.

குழந்தைகள் தூங்கின பிறகு பேச்சை எடுத்தேன். "தீபாவளிக்கு உனக்கு என்ன செய்யணும்னு தோணுது?" என்றேன். அவள், "நீங்க யாரக் கேட்டு எங்கண்ணன வரவேணாம்னு சொன்னீங்க?" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. அவளே சொன்னாள். "துணி எடுக்கலைன்னா போவுது. பலகாரம் கடையில வாங்கிக்கலாம். கல்யாணமாகிப் பதினேழு வருசமா அத்தை கையால தலைக்கு எண்ணெய் வெச்சுக்காம ஒரு தீபாவளி போனதில்ல. வயித்துல புள்ளையோட இருந்தப்பக்கூட வெச்சாங்க. என்னைக் கேக்காம அதையும் சேத்து நிறுத்திட்டீங்க."

நான் ஒரு மடையன், "தலையில முடி இருக்காதேம்மா" என்றேன்.

"முடி இல்லாத தலையில எண்ணெய் வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?"

"இல்ல."

"அப்பறம் என்ன?"

அண்ணன் வரவேண்டும், அண்ணியும் குழந்தைகளும் மட்டும், வேறு யாரும் வேண்டாம். அத்தை எண்ணெய் வைக்க வேண்டும். முறுக்கு வீட்டில்தான். மாவுப் பக்குவம் அவள் பார்ப்பாள், பெண் பிழிவாள். விக் எல்லாம் தேவையில்லை. இவ்வளவுதான் அவள் கேட்டது. நாளைக் காலையில் மச்சானுக்குப் போன் போட வேண்டும், என்ன மூஞ்சியோடு பேசுவது என்று தெரியவில்லை.

இன்று சாயங்காலம் பெண் அவளுக்குப் பின்னலை வெட்டிவிட்டாள். கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லையாம். பின்னல் மஞ்சள் பைக்குள் பீரோவில் இருக்கிறது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

கூத்தாநல்லூரான் | 23 செப்டம்பர், காலை 5.55

நம் வீட்டில் இந்த வருஷ ரமலானில் இதே பிரச்சினை. மனைவிக்குக் கீமோ நடுவில் நோன்பு வந்துவிட்டது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, குணமானபின் களாச் செய்துகொள்ளலாம் (விட்டதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்) என்று ஹஜ்ரத் சொல்லியும் மனசு கேட்கவில்லை அவருக்கு. சின்ன வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டவர் இல்லை. முதல் நாள் நாங்கள் எல்லோரும் ஸஹருக்கு, அதாவது விடிவதற்கு முன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு, எழுந்து, அவர் தூங்கட்டும் என்று விளக்கைக்கூடப் போடாமல் சாப்பிட்டோம். காலையில் ஒரே அழுகை. "என்னை வீட்டு ஆளா நெனைக்கலயா?" என்று.

மறுநாளிலிருந்து எழுப்பினோம். அவர் நோன்பு வைக்கவில்லை, ஆனால் ஸஹருக்கு எங்களோடு உட்கார்ந்து எல்லோருக்கும் பரிமாறினார். சாயங்காலம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. வாய் முழுக்கப் புண், எதை வைத்தாலும் எரியும், தண்ணீரே இரும்பு மாதிரி இருக்கிறது என்பார். அந்தக் கஞ்சி மட்டும் இறங்கியது. ஆறவைத்து, மிளகாய் இல்லாமல், தனியாக ஒரு தூக்கு வாங்கிவருவோம். பெருநாள் வரைக்கும் அதுதான் அவருக்கு உயிர் கொடுத்தது என்று நான் சொல்வேன். டாக்டர் மருந்து என்பார்.

சகோதரிக்காக துஆச் செய்கிறோம்.

மூட்டைக்காரன் | 23 செப்டம்பர், காலை 8.10

நெறியாளர் வெட்டியது சரிதான், மன்னிக்கவும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே போட்டுவிட்டேன்.

செலவுக்கு என்ன பண்ணுகிறீர்கள் அண்ணே? குறுவை நெல் இன்னும் களத்தில்தானே கிடக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-க்கு மேல் என்றால் மூட்டை நகராது. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

வெண்ணாறு | 23 செப்டம்பர், இரவு 9.15

செலவு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலம் பக்கம். என் கணவருக்குக் கன்னத்தில் வந்தது. வெற்றிலை, சீவல், புகையிலை. நம் ஊரில் இதைப் பழக்கம் என்றே யாரும் நினைப்பதில்லை, சாப்பாட்டின் கடைசி ஐட்டம் மாதிரி.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் பதிந்துகொள்ளலாம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் வரும். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சென்னைக்குப் போக நேர்ந்தால் ரயிலில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால், சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு. நாங்கள் பாதி சிகிச்சை முடிந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டோம்.

பண்டிகை பற்றியும் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அவருக்கு ஆபரேஷன் முடிந்து சென்னையில் முப்பது கரண்ட். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம். ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். ஐந்தாவது வாரம் பொங்கல். லீவுக்கு உழவன் எக்ஸ்பிரஸைப் பிடித்து ஊருக்கு வந்தோம். மூக்கு வழியாக ட்யூப், அதில்தான் எல்லாம். வாயில் ஒரு சொட்டு போகாது, பேச்சும் வராது. ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் காட்டுவார்.

நான் பானை வைக்கவில்லை. சாப்பிட முடியாத மனுஷன் எதிரில் எப்படிச் சர்க்கரைப் பொங்கல் வைப்பது? காலையில் எழுந்து வந்து அடுப்படியைப் பார்த்தார். நோட்டை எடுத்து "பானை எங்கே" என்று எழுதினார். நான் ஏதோ சமாளித்தேன். அடியில் இரண்டு கோடு போட்டுத் திருப்பிக் காட்டினார்.

வைத்தேன். வாசலில், மூன்று கல் கூட்டி, மஞ்சள் கொத்து கட்டி. பால் பொங்கி வருகிறபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிள்ளைகளும் சும்மா நிற்கிறார்கள். வருஷா வருஷம் "பொங்கலோ பொங்கல்" என்று தெருவே அதிரக் கத்துகிறவர் அவர்தான். பார்த்தார். என் கையில் இருந்த கரண்டியைப் பிடுங்கிப் பித்தளைத் தாம்பாளத்தை அடிக்க ஆரம்பித்தார். அடி என்றால் அப்படி ஓர் அடி, ட்யூப் ஆட ஆட. எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்து அவர்கள் கத்தினார்கள், பிள்ளைகள் கத்தினார்கள், அப்புறம் நானும் கத்தினேன். பொங்கின பாலில் கொஞ்சம் தனியாக எடுத்து, வடிகட்டி, ஆறவைத்து ட்யூபில் விட்டேன். பால் விடலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

அடுத்த பொங்கலுக்கு வாயால் இரண்டு கரண்டி சாப்பிட்டார். அதற்கடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

அந்தத் தாம்பாளம் நடுவில் நெளிந்திருக்கிறது. பாத்திரக்காரர் வரும்போதெல்லாம் தட்டி எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுப்பதில்லை.

துலாக்கட்டம் | 23 செப்டம்பர், இரவு 9.50

அக்கா.

குடமுருட்டி | 13 அக்டோபர், காலை 7.00

மூன்று வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. 29-ஆம் தேதி இரண்டாவது டோஸ் ஆனது. தீபாவளி பற்றிக் கேட்டேன், டாக்டரே காலண்டரைப் பார்த்துவிட்டு 22 என்று எழுதினார். சிஸ்டர் சொன்னபடியே.

ஆனால் நடுவில் ஒரு கண்டம். 8-ஆம் தேதி இரவு பன்னிரண்டரைக்குக் குளிருகிறது என்றாள். தெர்மாமீட்டர் 101.2. என் கை நேராக மாத்திரை டப்பாவுக்குத்தான் போனது. ஒன்று பிரித்தும் விட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்தான், ஒன்றரைக்குத் தஞ்சாவூரில் இருந்தோம். வெள்ளை அணுக்கள் அடிமட்டம். நான்கு நாள் ஆன்டிபயாட்டிக் ஏறியது, நேற்று வீட்டுக்கு வந்தோம். அடுத்த டோஸிலிருந்து மறுநாள் அணு ஏற்றுகிற ஊசியும் உண்டு என்றார்கள்.

கொலு சமயத்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அறுக்கிறது. உறவில் ஒரு பெண்மணி வந்தார். இவள் வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுக்கப் போனாள். "நீ உட்காரும்மா, உன் பொண்ணு கொடுக்கட்டும்" என்றார். உடம்பு முடியவில்லையே என்கிற அக்கறையா, வேறா? இவளுக்குத் தெரிந்துவிட்டது வேறு என்று. எதுவும் சொல்லாமல் தட்டைப் பெண்ணிடம் கொடுத்தாள். அவர் போன பிறகு, "ஒட்டிக்கும்னு நெனைக்குது போல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தஞ்சை சிஸ்டர் | 13 அக்டோபர், காலை 7.25

மாத்திரையைப் பிரித்த கையைத் திரும்ப எடுத்தீர்களே, அது போதும் தம்பி. இந்த நோய் தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று அந்த அம்மாளிடம் யாராவது சொல்ல வேண்டும். அடுத்த தடவை நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் மனைவியைச் சொல்ல விடாதீர்கள்.

குடமுருட்டி | 23 அக்டோபர், இரவு 8.40

மூன்றாவது நேற்று ஏறியது. இன்றைக்கு ஊசி. இப்போது தூங்குகிறாள். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

மச்சான் 19-ஆம் தேதி மழையோடு வந்து சேர்ந்தார். அன்று மதியம் முறுக்கு. இவள் முக்காலி போட்டு அடுப்புக்கு எட்டத்தில் உட்கார்ந்து, மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஒரு கரண்டி வெண்ணெய்", "தண்ணி போதும் நிறுத்து" என்று அதிகாரம். பெண் அச்சைப் பிழிந்தாள். முதல் நாலு முறுக்கு வரைபடம் மாதிரி வந்தது. பையன் அதில் ஒன்றைத் தமிழ்நாடு என்றான், மச்சான் பையன் இல்லை இலங்கை என்றான், இருவரும் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டு மூன்று மாதம் ஆகிறது.

தீபாவளி காலை நாலரை மணி. மனைப்பலகை போட்டு, கோலம் போட்டு, அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார். குழந்தைகளுக்கு வைத்தாயிற்று, எனக்கு வைத்தாயிற்று. இவள் வந்து உட்கார்ந்து தலைத் துண்டை எடுத்தாள். மச்சான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. எண்ணெயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். எழுபத்திரண்டு வயது, எத்தனை தலைக்கு வைத்த கை.

இவள்தான் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "வைங்கத்த. இந்த வருசம் உங்களுக்கு எண்ணெய் மிச்சம்."

அம்மா சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, மொத்தத்தையும் உச்சியில் வைத்து இரண்டு கையாலும் தேய்த்தார். காது வழியாக வழிந்தது. பையன், "அம்மா தல பித்தாளக் கொடம் மாரி பளபளங்குது" என்றான். அவனை அடிக்க ஓங்கிய கையை இவள்தான் பிடித்தாள். வெந்நீரை நான் விளாவினேன், அண்டாவைத் தொட விடவில்லை.

வெடி தெருக்கோடியில் மச்சானோடு. புகை வாடைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு இவள் உள்ளேயே இருந்தாள். பத்து மணிக்குத் தூங்கிவிட்டாள், மத்தியானம் வரை எழுப்பவில்லை. சாப்பாட்டில் ஒரு கவளம் சாதத்துக்கு நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு, "உப்பு தெரியுது" என்றாள். வேறு எதையும் பற்றி அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லவில்லை.

வெண்ணாறு | 23 அக்டோபர், இரவு 9.30

உங்கள் அம்மாவுக்கு என் நமஸ்காரம். பையனுக்கு ஒரு குட்டு.

கூத்தாநல்லூரான் | 24 அக்டோபர், காலை 6.05

உப்பு தெரிந்தால் பாதி ஊர் வந்தாயிற்று சகோதரரே.

மூட்டைக்காரன் | 15 ஜனவரி 2026, மாலை 4.20

அண்ணே, பொங்கல் வாழ்த்து. அண்ணி எப்படி இருக்கிறார்? ஒரு வரி போடுங்கள்.

குடமுருட்டி | 15 ஜனவரி 2026, இரவு 9.10

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. நான்கு சிவப்பு மருந்தும் நவம்பரில் முடிந்தது. இப்போது வாராவாரம் புதன்கிழமை. நேற்று போகியன்று ஏழாவது. இன்னும் ஐந்து.

இந்த மருந்துக்கு வாந்தி குறைவு, ஆனால் விரல் நுனி மரத்துப்போகிறது. கோலப்பொடி விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்பாள். மார்கழி முழுக்க வாசலில் பெண்தான் போட்டாள், இவள் திண்ணையில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னொன்று, மருந்துக்கு முன்னால் போடுகிற ஸ்டீராய்டு அன்றைக்கு ராத்திரி தூங்க விடாது.

இந்தத் தடவை நானாக எதையும் முடிவு பண்ணவில்லை. போன வாரமே கேட்டேன், பானை யார் வைப்பது, யாரைக் கூப்பிடுவது என்று. "பானை நீங்க வைங்க, கொட்டகைப் பக்கம் நான் வரல, கோலத்தப் பத்தி அப்பறம் சொல்றேன்" என்றாள்.

இன்று விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். பதறி வெளியே வந்தேன். வாசல் லைட் எரிகிறது. தலையில் மஃப்ளர், கையில் கோலக்குழாய், இடது கையில் காபி டம்ளர். ஒரு மணியிலிருந்து தூக்கம் வரவில்லையாம். எங்கள் வாசல் முடிந்து, வாய்க்கால் மதகு வரைக்கும் போய், திரும்பி வந்து பக்கத்து வீட்டு வாசலில் பாதி தாண்டியிருந்தாள். புள்ளி ஒன்றுக்கொன்று சேரவில்லை, கோடு நெளிகிறது. கரும்பு மட்டும் பனைமரம் உயரத்துக்கு இருந்தது.

"அவங்க எழுந்தா என்ன சொல்லுவாங்க?" என்றேன்.

"அவங்க வாசல்லயும் நானே போட்டேன்னு சொல்லுங்க. நவுருங்க, கால வைக்காதீங்க" என்றாள்.